கப்பலைச் செப்பனிட்ட கைகள்

கடலோடிகளின் சரித்திரம் பள்ளிகளில் கற்பிக்கப்படும் முறையை அன்பர்கள் நன்கு அறிவர். இன்ன ஆண்டில் இன்ன தலைவர் இன்ன துறைமுகத்திலிருந்து புறப்பட்டார். இன்ன நாட்டைக் கண்டுபிடித்தார். இன்ன ஆண்டில் ஊர் திரும்பினார் என்று மூன்று வரிகளில் பாடம் முடிந்துவிடும். ஆங்கிலத்தில் நாம் கற்ற சரித்திரமும் அத்தகையதே. சென்ற கப்பல் வழியில் உடைந்ததா? உடைந்ததெனின், எவருடைய கரையில், எவருடைய பணத்தில், எவருடைய கையால் அது செப்பனிடப்பட்டது? இக்கேள்விகளை ஆசிரியர் எழுப்பியதில்லை. மாணவராயிருந்த நாமும் கேட்டதில்லை.

ஆயினும் சிறிது சிந்திப்போமாக. மரக்கப்பல் என்பது நாளும் தேயும் பொருள். பாய் கிழியும், கயிறு நைந்துபோகும், பலகை இற்றுப்போகும், கண்ணுக்குத் தெரியாத நீரடியில் புழு அதனைத் துளைத்துக்கொண்டேயிருக்கும். சொந்தத் துறையில் பழுதுபட்டால் தச்சரைக் கூவி அழைத்துக்கொள்ளலாம். அயல்நாட்டில் பழுதுபட்டால் என் செய்வது? அங்கே தலைவனுடைய அதிகாரம் செல்லாது. அயலான் கரை வேண்டும். அயலான் அனுமதி வேண்டும். அயலான் தொழில்திறம் வேண்டும். ஆகவே, ஒரு கடற்பிரயாணத்தின் மெய்யான வரவு செலவைக் காண விரும்புவோர், அக்கப்பல் பழுதுபார்க்கப்பட்ட இடத்திற்குப் போய்ப் பார்த்தல் வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

உலகறிந்த ஒரு கப்பலின் கதையைக் கொண்டே இதனை விளக்க முற்படுகிறோம். அஃது ஆங்கிலத் தலைவர் ஜேம்ஸ் குக் செலுத்திய 'எண்டெவர்' என்னும் பாய்க்கப்பல். 1770ஆம் ஆண்டில் அஃது இரண்டிடங்களில் செப்பனிடப்பட்டது. ஒன்று, ஆஸ்திரேலியாவின் வடகிழக்கே ஓர் ஆற்றங்கரை. மற்றொன்று, நமக்கு அண்டையிலுள்ள ஜாவாத் தீவின் பத்தாவியா, அதாவது இன்றைய ஜக்கார்த்தா.

நிலக்கரி சுமந்த கப்பல்

குக் பெருங்குடியிற் பிறந்தவரல்லர். 1728இல் யார்க்ஷயர் நாட்டுப்புறத்தில் ஒரு பண்ணைத் தொழிலாளிக்கு மகனாய்ப் பிறந்து, விட்பி என்னும் துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றும் கப்பல்களிலே தொழில் பழகி, தமது உழைப்பாலும் அறிவாலும் உயர்ந்தவர். அவர் செலுத்திய கப்பலும் அவரைப் போலவே எளிய பிறப்புடையது. 1764இல் அதே விட்பியில் கட்டப்பட்டு, வேறு பெயருடன் நிலக்கரி சுமந்துகொண்டிருந்த அதனை, 1768இல் ஆங்கிலக் கடற்படையார் 2,840 பவுனும் சில்லறையும் கொடுத்து வாங்கி, 'எண்டெவர்' எனப் பெயர் மாற்றினர். நீளம் ஏறத்தாழ 106 அடி. அகலம் 29 அடி. அளவு 368 டன். அழகும் இல்லை, வேகமும் இல்லை. ஆனால் அதன் அடிப்பாகம் தட்டையானது. நீர் வற்றிய வேளையில் மணலில் அமர்ந்தாலும் சாய்ந்து விழாது. இந்த ஒரு குணமே பின்னால் அதிலிருந்தோரின் உயிரைக் காத்தது என்பதை வாசகர் நினைவிற் கொள்க.

1768 ஆகஸ்ட் 26ஆம் நாள் 94 பேருடன் கப்பல் இங்கிலாந்தின் பிளிமத் துறையை நீங்கியது. 1769 ஜூன் 3ஆம் நாள் தஹிதி தீவில், வெள்ளிக் கிரகம் சூரியனுக்குக் குறுக்கே கடப்பதை அளந்து எழுதினார்கள். பின்னர் நியூஸிலாந்தைச் சுற்றிப் படம் வரைந்தார்கள். 1770 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் கீழ்க்கரையை அடைந்து, வடக்கு நோக்கிச் செல்லலாயினர். அக்கரைக்கு அப்பால் ஆயிரம் மைலுக்கு மேல் நீண்டு கிடக்கும் பவளப்பாறைத் தொடரைப் பற்றி அவர்களுக்கு ஏதும் தெரியாது. கரைக்கும் பாறைக்கும் இடையே, வரவரக் குறுகும் பொறியினுள் எலி புகுவதுபோல், அவர்கள் புகுந்துகொண்டிருந்தனர்.

இரவு பதினொரு மணி

1770 ஜூன் 11ஆம் நாள் இரவு. நிலவு நன்றாய்க் காய்ந்தது, காற்றும் இதமானது. ஈயக்குண்டு கட்டிய கயிற்றை விட்டு ஆழம் பார்ப்பவன் 17 பாகம் என்றான். மறுமுறை குண்டை எறிவதற்குள் கப்பல் பாறைமேல் ஏறி நின்றுவிட்டது. கடல் நீர் மிகப் பெருகியிருந்த வேளையில் மோதியதால், நீர் வற்ற வற்ற நிலைமை மோசமாயிற்று.

கப்பலை இலகுவாக்கினாலன்றி மீட்சியில்லை. ஆறு பீரங்கிகளையும், இரும்பையும், பாரக்கற்களையும், பீப்பாய்களையும், எண்ணெய்ச் சாடிகளையும் கடலில் எறிந்தனர். ஏறத்தாழ 50 டன் பாரம் போயிற்று. மறுநாள் பகல் நீர்ப்பெருக்கில் கப்பல் மிதக்கும் என்று நம்பினர். மிதக்கவில்லை, ஒன்றரை அடி நீர் போதாமற் போயிற்று. இரவு நீர்ப்பெருக்கம் பகலினும் மிகுதியாயிருக்கும் என்ற ஒரே நம்பிக்கையுடன் காத்திருந்தனர்.

அதற்குள் அடியிலே நீர் புகுந்தது. இருந்த நான்கு பம்புகளில் மூன்றே வேலை செய்தன. நீர் இறைக்க மாலுமிகள் போதவில்லை. ஆகவே தலைவரும், அதிகாரிகளும், பெருஞ்செல்வரான தாவர சாஸ்திரி ஜோசப் பாங்க்ஸும் முறைவைத்து நின்று பம்படித்தனர். அக்காலத்து ஆங்கிலக் கப்பலில் கனவான் உண்ணுமிடம் வேறு, கூலியாள் உண்ணுமிடம் வேறு. கனவான் உறங்குமிடம் வேறு, கூலியாள் உறங்குமிடம் வேறு. நீர் முழங்காலுக்கு ஏறியபோது அந்த மேடு பள்ளம் எங்கே போயிற்று? பம்பின் கைப்பிடிக்குக் குலமும் கோத்திரமும் தெரியவில்லை. ஆபத்திலே மறையும் வேற்றுமை, ஆபத்து நீங்கியதும் திரும்பி வருகிறதென்றால், அவ்வேற்றுமை இயற்கையன்று, மனிதன் செய்துகொண்டதே என்பதற்கு வேறு சான்று வேண்டா.

மறுநாள் இரவு பத்து மணிக்கு மேல் கப்பல் பாறையிலிருந்து விடுபட்டு மிதந்தது. ஆயினும் ஓட்டை அடைபடவில்லை. அப்போது ஜானதன் மங்க்ஹவுஸ் என்னும் இளம் அதிகாரி ஒரு வழி கூறினார். முன்பு வேறொரு வணிகக் கப்பலில் அவர் கண்டறிந்த வழி அது. பழங்கயிற்றைப் பிரித்தெடுத்த நாரையும் ஆட்டு ரோமத்தையும் சிறிது சிறிதாய் நறுக்கி, உருண்டையாக்கி, ஒரு பாயின்மேல் ஒட்டி, அதன்மேல் கால்நடைச் சாணத்தையும் அப்பி, அப்பாயைக் கப்பலின் அடியிலே கயிறுகளால் இழுத்துச் செலுத்தினர். ஓட்டைக்கு நேரே வந்தவுடன், உள்ளே பாயும் நீரே அந்த நாரையும் ரோமத்தையும் இழுத்து அடைத்துக்கொண்டது. மூன்று பம்புகளால் அடக்க முடியாதிருந்த நீர், பின்னர் ஒரு பம்புக்கே அடங்கிற்று. புத்தகம் கற்பிக்காத இவ்வித்தையைத் தொழிலாளரின் அனுபவம் கற்பித்தது.

வாலும்பால் ஆற்றங்கரை

கப்பலைக் கரையேற்ற இடம் தேடி, ஜூன் 17ஆம் நாள் ஓர் ஆற்று முகத்தினுள் புகுந்தனர். குக் அதற்குத் தமது கப்பலின் பெயரையே இட்டார். ஆனால் அவ்வாறு பெயரற்றுக் கிடக்கவில்லை. அது கூகு யிமித்திர் என்னும் பூர்வ குடிகளின் நாடு. அவ்விடத்தை அவர்கள் வாலும்பால் என்பர். பல குலத்தாரும் கூடுமிடமாகிய அங்கே எவருடைய இரத்தமும் சிந்தலாகாது என்பது தொன்றுதொட்டு வந்த கட்டளையென்று அக்குடியின் முதியோர் கூறிவருகின்றனர். அக்கட்டளையின் நிழலிலேதான் அயலானுடைய கப்பல் ஏழு வாரம் பத்திரமாய்க் கிடந்தது.

நீர் வற்றிய வேளையில் கப்பலின் அடி வெளிப்பட்டது. பாறை நான்கு பலகைகளை, உளியால் செதுக்கினாற்போல், ஒழுங்காய் அறுத்திருந்தது. ஓர் ஓட்டையில் பெரிய பவளக்கல் ஒன்று ஒடிந்து அப்படியே சிக்கி நின்றது. அந்தக் கல் விழுந்திருப்பின், எந்தப் பம்பும் எந்தப் பாயும் கப்பலைக் காத்திரா. தலைமைத் தச்சர் ஜான் சாட்டர்லியும் அவருடைய ஆட்களும் நீர் வற்றும் வேளை பார்த்து வேலை செய்தனர். கரையிலே கொல்லுலை அமைத்து, ஆணிகளையும் பட்டைகளையும் அடித்துக் கொடுத்தார் கொல்லர். ஆயினும் கப்பல் முழுவதும் நீரைவிட்டு மேலெழும் அளவுக்கு அங்கே நீர் வற்றவில்லை. அடிப்பாகத்தின் நடுப்பகுதியைத் தச்சர் சரியாய்ப் பார்க்க இயலவில்லை. அங்கே என்ன இருந்தது என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

நாட்டு மக்கள் முதலில் தூரத்திலிருந்தே கவனித்தனர். ஜூலையில் நெருங்கி வந்தனர், பழகினர், தங்கள் மொழிச் சொற்கள் பலவற்றையும் சொன்னார்கள். இன்று உலகமெல்லாம் வழங்கும் 'கங்காரு' என்னும் சொல் அங்கேதான் ஆங்கிலேயரின் குறிப்பேட்டில் ஏறியது. ஜூலை 19ஆம் நாள் அவர்களிற் சிலர் கப்பலுக்கு வந்தபோது, தங்கள் கடலில் பிடிக்கப்பட்ட ஆமைகள் பல தளத்தில் கிடப்பதைக் கண்டனர். ஒன்றைக் கேட்டனர். மறுக்கப்பட்டது. சினங்கொண்டு கரையேறி, கூடாரங்களைச் சுற்றியிருந்த உலர்ந்த புல்லில் நெருப்பு வைத்தனர். குக் துப்பாக்கியால் சிறுரவை சுட்டு ஒருவரைக் காயப்படுத்தினார். இரத்தம் சிந்தலாகாத இடத்தில் இரத்தம் சிந்தியது. ஆயினும் அன்றே ஒரு முதியவர் முனையற்ற ஈட்டியொன்றை ஏந்தி முன்வந்து பேச, இருதரத்தாரும் சமாதானமாயினர்.

யார் வீட்டுச் சொத்தை யார் யாருக்கு மறுத்தது என்று நாம் கேட்கவேண்டாவா? விருந்தாளியாய் வந்தவன் வீட்டுக்காரனுடைய உணவை எடுத்துவைத்துக்கொண்டு, அவன் கேட்டபோது இல்லையென்கிறான். வீட்டுக்காரனோ கடைசியில் தானே சமாதானம் பேச வருகிறான். இதில் நாகரிகமுடையார் யார் என்பதை வாசகரே தீர்மானித்துக்கொள்க.

ஆகஸ்ட் 4ஆம் நாள் கப்பல் ஆற்றைவிட்டுப் புறப்பட்டது. பதினெட்டு நாள் சென்று, ஆகஸ்ட் 22ஆம் நாள், வடகோடியில் ஒரு சிறு தீவில் கொடி நாட்டி, கீழ்க்கரை முழுவதும் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கு உரியதென்று குக் அறிவித்தார். உடைந்த கப்பலுக்கு ஏழு வாரம் இடங்கொடுத்த கரையும் அதிலே அடங்கியது. செப்பனிட்டதற்கு வாடகை கொடுக்கப்படவில்லை, நிலமே எடுத்துக்கொள்ளப்பட்டது.

ஓய்வில்லாத தீவு

ஒழுகும் கப்பலுடன் அக்டோபர் மாதம் பத்தாவியாவை அடைந்தனர். தச்சர் சாட்டர்லி எழுதிக் கொடுத்த அறிக்கை தெளிவானது: கப்பலில் மணிக்கு 6 அங்குலம் முதல் 12 அங்குலம் வரை நீர் ஏறுகிறது, கப்பலின் முதுகெலும்பாகிய ஏரா மரம் பல இடங்களில் காயப்பட்டுள்ளது, அதற்குக் கீழே பொருத்திய காவற்கட்டை பெரும்பகுதி போய்விட்டது, ஒரு பம்பு உதவாது, மற்றவையும் உளுத்துவிட்டன. இந்நிலையில் இந்துமகா சமுத்திரத்தைக் கடந்து ஊர் சேர்வதென்பது ஆகாத காரியம்.

தலைவர் இப்போது மனு எழுதவேண்டியதாயிற்று. பத்தாவியா டச்சுக் கம்பெனியாரின் ஊர். அவர்களுடைய கவர்னர் ஜெனரலுக்கும் ஆலோசனைச் சபைக்கும் விண்ணப்பம் செய்து, தளத்தில் இடம் பெற்றார். அடுத்துப் பணம் வேண்டும். நகரத்திலே தனிப்பட்டவர் எவரிடமும் கடன் கிடைக்கவில்லை. மறுபடியும் கவர்னரையே வேண்ட, அவர் கம்பெனிப் பொக்கிஷத்திலிருந்து கொடுக்கும்படி உத்தரவிட்டார். தென்கடல் முழுவதும் கொடி நாட்டியவர், ஒரு பலகை மாற்றுவதற்கு அயலான் பெட்டியிலிருந்து கடன் வாங்கினார். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. வல்லமையுடையோர் என்று நாம் வியப்போரும் பிறர் உதவியின்றி ஓரடியும் நகர்ந்தாரில்லை என்பதையே சுட்டுகிறோம்.

கப்பல் பழுதுபார்க்கும் தளம் பத்தாவியாக் குடாவிலுள்ள ஒன்ரஸ்ட் என்னும் சிறு தீவில் இருந்தது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கந்தொட்டு டச்சுக்காரர் அங்கே தொழில் நடத்தினர். ஒன்ரஸ்ட் என்ற டச்சுச் சொல்லுக்கு ஓய்வின்மை என்பது பொருள். இரவும் பகலும் ஓயாது வேலை நடந்ததால் வந்த பெயர் என்பர். அண்டையிலிருந்த மக்களோ அதனைப் 'பூலாவ் காப்பால்', அதாவது கப்பல் தீவு, என்றனர். மலாய் மொழியில் 'காப்பால்' என்பது நமது 'கப்பல்' என்னும் சொல்லே. நம் முன்னோர் இக்கடல்களில் கலம் செலுத்திய காலத்தில் விட்டுச் சென்ற சொல், அத்தீவின் பெயராய் நின்றது. ஆனால் நம்மவர் தலைவராய் மட்டும் அவ்வூருக்குப் போகவில்லை. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக் கம்பெனியார் சோழமண்டலக் கரையிலிருந்து ஏழை மக்களை அடிமைகளாய் விலைக்கு வாங்கிக் கப்பலேற்றிப் பத்தாவியாவில் இறக்கினர். சொல் பெருமையுடன் சென்றது. மனிதர் விலங்குடன் சென்றனர். இரண்டும் நம் சரித்திரமே. ஒன்றைப் பாடி மற்றொன்றை மறைப்பது நேர்மையன்று.

ஒன்ரஸ்டில் கப்பலைச் செப்பனிடும் முறை இது. பீரங்கி, சரக்கு, பாரம் யாவற்றையும் இறக்கிவிடுவர். பாய்மரங்களின் உச்சியில் வடம் கட்டி, கப்பிகளால் இழுத்து, கப்பலையே ஒருபக்கமாய்ச் சாய்ப்பர். ஏரா நீருக்கு மேலே வரும். தச்சர் பலகை மாற்றுவர். மற்றையோர் பலகைகளின் இடுக்கில் நார் திணித்துக் கீல் பூசுவர். ஆங்கிலேயர் அக்காலத்தில் ஒரு பாய்மரத்தைப் பிடித்துச் சாய்த்தனர். ஒன்ரஸ்டில் இரண்டு பாய்மரத்தைப் பிடித்துச் சாய்த்தனர். இம்முறையே பத்திரமானது, விரைவானது என்று குக் ஒப்புக்கொண்டார்.

நவம்பரில் கப்பலைச் சாய்த்துப் பார்த்தபோது, எல்லோரும் திகைத்தனர். ஆற்றங்கரையில் தச்சர் காண இயலாமற்போன அந்த நடுப்பகுதியில், ஏரா மரத்தருகே, இரண்டு பலகைகளும் மூன்றாவதில் பாதியும் ஆறடி நீளத்திற்கு அராவப்பட்டிருந்தன. எஞ்சியிருந்த கனம் அரைக்கால் அங்குலம்! புழுவோ பலகையையும் கடந்து உள்ளே விலாச்சட்டம் வரையில் துளைத்திருந்தது. கடலுக்கும் அத்தனை உயிர்களுக்கும் இடையே நம் சுண்டுவிரலின் அகலமும் இல்லாத மரத்தாளொன்று இருந்தது. அதை நம்பி அவர்கள் இரண்டாயிரம் மைலுக்கு மேல் கடல் கடந்து வந்திருந்தனர்.

ஒன்ரஸ்டின் தொழிலாளர் சில நாட்களில் அடிப்பாகம் முழுவதையும் சீராக்கினர். இத்தளத்தில் நடப்பதைவிடச் சுறுசுறுப்பாய் வேலை நடக்கும் கப்பற்றளம் உலகில் வேறொன்று இருப்பதாகத் தாம் நினைக்கவில்லை என்ற கருத்தைக் குக் தமது நாட்குறிப்பில் எழுதிவைத்தார். நியாயமான புகழ்ச்சிதான். ஆனால் அப்புகழுரையில் தளத்தின் தொழிலாளர் என்ற பொதுச்சொல்லன்றி ஒரு பெயரும் இல்லை.

செப்பனிட்டதற்குக் கொடுத்த விலை

கப்பல் நலமடைந்தது, கப்பலிலிருந்தோர் நலமிழந்தனர். பத்தாவியா அக்காலத்தில் காய்ச்சலுக்குப் பேர்போன ஊர். தேங்கிய கால்வாய்களும், சதுப்பும், கெட்ட குடிநீரும் நிறைந்தது. அக்காலத்தார் அந்நோய்க்குக் கெட்ட காற்றைக் காரணமாகக் கூறினர். மலேரியாவைப் பரப்புவது கொசுவே என்பதை ரொனால்ட் ராஸ் இந்தியாவில் நிரூபிக்கத் தொடங்கியது 1897இல்தான். அவ்வறிவைக் கொண்டு 1901 முதல் கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு வடித்து உயிர்களைக் காத்ததும், அதற்கு முன்னும் பின்னும் தோட்டக் காடுகளில் நம் மக்கள் எத்தனையோ பேர் காய்ச்சலுக்கு இரையானதும் தோட்டத்து வாசகருக்குப் புதிய செய்தியல்ல. பத்தாவியாவில் குக்கின் ஆட்களுக்கு நேர்ந்தது என்னவென்று அவர்கள் எளிதில் உணர்வர்.

முதலில் இறந்தவர் வைத்தியரே. தஹிதியிலிருந்து வழிகாட்டியாகவும் மொழிபெயர்ப்பாளராகவும் வந்த துபாயா என்னும் தீவறிஞரும், அவருடன் வந்த தாயத்தா என்னும் சிறுவனும் அங்கேயே மாண்டனர். பத்தாவியாவில் ஏழு பேர் போயினர். டிசம்பர் 26ஆம் நாள் புறப்பட்டபோது 40 பேருக்கு மேல் நோயாளிகள். நன்னம்பிக்கை முனையை அடையுமுன் மேலும் இருபதுக்கு மேற்பட்டோர் இறந்து கடலில் விடப்பட்டனர். உலகைச் சுற்றிவந்தும் இழக்காத உயிர்களைப் பழுதுபார்க்க நின்ற இடத்தில் இழந்தார்கள்.

இறந்தோரில் மூவரை மட்டும் இங்கே குறிப்போம். முதலாமவர் பாய் தைக்கும் ஜான் ரேவன்ஹில். குக்கின் மதிப்பில் 70, 80 வயதுடைய கிழவர். பத்தாவியாவில் நோயுறாதவர் அவர் ஒருவரே. அவர் அநேகமாய் நாள்தோறும் குடிபோதையில் இருந்தவர் என்பதையும் குக் வியப்புடன் எழுதுகிறார். கள்ளுக்கடை அன்பர்கள் இதைப் படித்து அவசரப்பட்டு மகிழவேண்டா. மறுமாதமே, 1771 ஜனவரியில், அவரும் நடுக்கடலில் இறந்தார். இரண்டாமவர், நாரும் ரோமமும் ஒட்டிய பாயால் கப்பலைக் காத்த ஜானதன் மங்க்ஹவுஸ். 1771 பிப்ரவரியில் இறந்தார். பத்தாவியாவில் முதலில் இறந்த வைத்தியர் அவருடைய தமையனாரே. மூன்றாமவர் தலைமைத் தச்சர் சாட்டர்லி. அதே பிப்ரவரியில் இறந்தார். பாயைத் தைத்தவரும், ஓட்டையை அடைத்தவரும், பலகையைப் பொருத்தியவரும் ஊர் சேரவில்லை. அவர்கள் செப்பனிட்ட கப்பல் 1771 ஜூலையில் இங்கிலாந்து சேர்ந்தது.

ஒன்ரஸ்ட் தீவின் கதியையும் கூறிவிடுவோம். 1800ஆம் ஆண்டில் டச்சுக்காரருக்கும் ஆங்கிலேயருக்கும் பகை மூண்டிருந்தபோது, ஆங்கிலக் கப்பற்படை வந்து அத்தளத்தை அழித்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் தங்கள் கப்பலை உயிர்ப்பித்த தளம் என்ற நினைவு எவருக்கும் தடையாகவில்லை. இன்று அங்கே மரநிழலில் இடிந்த சுவர்களின் அடிப்பாகமே காட்சிப்பொருளாய்க் கிடக்கிறது.

பெயர் எழுதுக

பாறையில் எறியப்பட்ட அந்த ஆறு பீரங்கிகளை 1969இல் பிலடெல்பியாவிலிருந்து வந்த ஆராய்ச்சியாளர் கடலடியில் தேடி எடுத்தனர். அவை துரு நீக்கப்பட்டு அருங்காட்சியகங்களில் வைக்கப்பட்டன. கப்பலின் உடல் எங்கே என்றும் பல்லாண்டு தேடினர். அது பின்னர் விற்கப்பட்டு, பெயர் மாறி, 1778இல் அமெரிக்காவின் நியூபோர்ட் துறையில் அமிழ்த்தப்பட்டது. 2022இல் ஆஸ்திரேலியக் கடல்சார் அருங்காட்சியகத்தார் அங்குள்ள சிதைவொன்றை அதுவே என அறிவித்தனர். எறிந்த இரும்பைத் தேடுகிறோம். மூழ்கிய மரத்தைத் தேடுகிறோம். தேடவேண்டியதே. ஆனால் அக்கப்பலை ஒன்ரஸ்டில் சாய்த்து நிமிர்த்திய கைகளுக்குரிய பெயர்களை எந்தக் கண்ணாடிப் பெட்டியில் காண்போம்?

கணக்கெழுதிப் பிழைக்கும் கிராணியாகிய நமக்கு ஒன்று தோன்றுகிறது. தோட்டத்துச் செக்ரோலில் ஒவ்வொரு தொழிலாளியின் பெயரும் உண்டு. ஆனால் எதற்காக? வந்த நாள் எண்ணவும், கூலி கழிக்கவும். கூலி கணக்கிட்டு முடிந்ததும் அப்பெயர் அலமாரியிற் கிடந்து கரையானுக்கு இரையாகிறது. இரப்பர் மரத்தை நட்டது யார், சாலை வெட்டியது யார், இருப்புப்பாதைக்குக் கல் சுமந்தது யார் என்று நாளை ஒருவன் கேட்டால், தோட்டத்தின் பெயரையும் துரைமார் பெயரையும் சொல்லலாம். நம் பாட்டன் பாட்டியின் பெயரைச் சொல்ல ஏடு இராது. பிறர் எழுதவில்லை என்று குறைகூறுவது எளிது. நாம் எழுதினோமா? கைவேலை செய்வோனைத் தாழ்ந்தவன் என்று ஒதுக்கிவைத்த சமூகம், அவன் பெயரை எங்ஙனம் எழுதும்?

ஆகவே நம் வேண்டுகோள் இது. படிக்கத் தெரிந்த இளைஞர் ஒவ்வொருவரும் தம் வீட்டில் உயிருடனிருக்கும் முதியோரிடம் சென்று, எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில், எந்தக் கப்பலில் வந்தார்கள், என்ன வேலை செய்தார்கள் என்று கேட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பாராக. சாதிப்பெயர் வேண்டா, ஊர்ப்பெருமை வேண்டா, செய்த வேலையும் செய்தவர் பெயரும் போதும். அரைக்கால் அங்குலப் பலகைதான் எண்டெவரை மிதக்கவைத்தது. அதைக் கண்ணால் பார்த்த பிறகே அதன் மதிப்பை உணர்ந்தார்கள். நம் சமூகக் கப்பலையும் அத்தகைய கைகளே இன்றளவும் மிதக்க வைத்திருக்கின்றன. அவர்கள் கண்மூடுமுன் அவர்களுடைய பெயரைக் கேட்டு எழுதுவோமாக.